குவிமாட வீட்டின் செலவை நீங்களே கணக்கிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

குவிமாட வீடு கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "சதுர அடிக்கு எவ்வளவு ஆகும்?" என்பதுதான். நேர்ச்சுவர் வீட்டுக்கு இந்தக் கேள்வி போதும். தரை தெரிந்தால் சுவர் தெரியும், கூரையும் தெரிந்துவிடும். அனுபவமுள்ள மேஸ்திரி மனக்கணக்காகவே ஒரு தொகையைச் சொல்வார். குவிமாடத்தில் அந்தக் கணக்கு ஓடாது. 20 அடி விட்டத்தில் ஒன்றும் 40 அடி விட்டத்தில் ஒன்றுமாக, அதே ஆட்களும் அதே பொருளும் வைத்துக் கட்டினாலும், இரண்டுக்கும் சதுர அடி விலை வேறு வேறாகத்தான் வரும். ஏன் என்பது போகப்போகப் புரியும்.

அதனால் இங்கே பணத்தொகை எதையும் நான் தரப்போவதில்லை. அளவுகளைத் தருகிறேன். உங்கள் பகுதியில் மரம், கம்பி, சிமென்ட், கூலி என்ன விலையோ அதை நீங்கள் பெருக்கிக்கொள்ளுங்கள். விலை அடுத்த மாதமே மாறலாம்; அளவு மாறாது. ஒரு நோட்டும் கால்குலேட்டரும் இருந்தால் போதும். எல்லாக் கணக்கும் அடி என்ற அளவில் இருக்கிறது.

படி 1: எந்த வகைக் குவிமாடம்?

வீடாகக் கட்டப்படுபவற்றில் பெரும்பாலானவை மூன்று வகைக்குள் அடங்கும். பணம் எங்கே போகிறது என்பதில் மூன்றும் வேறுபடுகின்றன.

முதலாவது, முக்கோணங்களைச் சேர்த்துக் கட்டும் ஜியோடெசிக் வகை. ஜெர்மனியின் ஜெனா நகரில் பொறியாளர் வால்டர் பாவர்ஸ்ஃபெல்ட் 1920களிலேயே இப்படி ஒரு கோளரங்கக் கூரையை எழுப்பிவிட்டார். ஆனால் இதை உலகமெங்கும் கொண்டுபோனவர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். 1954-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இந்த வகையில் பொருள் குறைவு. துல்லியமான தச்சு வேலையும், இணைப்புகளை நீர் புகாமல் அடைப்பதும்தான் செலவு.

இரண்டாவது, காங்கிரீட் கூடு. காற்றடைத்த பெரிய துணி உறையை அச்சாக வைத்து, உள்ளிருந்து ஃபோம் தெளித்து, கம்பி கட்டி, காங்கிரீட்டைப் பீய்ச்சி அடிப்பார்கள். டேவிட் சவுத்தும் அவருடைய சகோதரர்களும் 1976-இல் ஐடஹோ மாநிலத்தில் இந்த முறையில் முதலில் கட்டியது உருளைக்கிழங்கு சேமிக்கும் கிடங்கு. உறுதியில் இதற்கு நிகர் குறைவு. ஆனால் உறை, காற்றூதி, பம்பு என்று வேலை தொடங்கும் முன்பே கணிசமான தொகை போய்விடும்.

மூன்றாவது, மண்மூட்டைக் குவிமாடம். நீண்ட பைகளில் ஈரமண்ணை அடைத்து, வட்டம் வட்டமாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே முள்கம்பி வைத்து, இடித்து இறுக்குவது. ஈரானில் பிறந்த கட்டடக் கலைஞர் நாதிர் கலீலி இதைச் செம்மைப்படுத்தினார். கலிபோர்னியாவின் ஹெஸ்பீரியாவில் அவருடைய நிறுவனம் இதைக் கற்றுக்கொடுத்தது. 2004-இல் இந்த மணல்மூட்டைக் குடில்களுக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. பொருளுக்கு மிகக் குறைந்த பணம், உடலுழைப்போ மிக அதிகம்.

செங்கல் குவிமாடமும் உண்டு. நல்ல கை உள்ள கொத்தனார் கிடைத்தால் அழகில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் அதன் செலவு முழுக்க அந்தக் கொத்தனாரின் திறமையைப் பொறுத்தது என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

படி 2: விட்டத்தை முடிவு செய்யுங்கள், ஆனால் தரையை மட்டும் பார்த்து அல்ல

அரைக்கோளக் குவிமாடத்துக்கு மூன்று வாய்பாடுகள் போதும். ஆரம் என்பது விட்டத்தில் பாதி.

தரை = 3.14 × ஆரம் × ஆரம்.
கூட்டின் (வளைந்த மேலோட்டின்) பரப்பு = தரையைப் போல இரண்டு மடங்கு.
அடிவட்டத்தின் நீளம் = 3.14 × விட்டம்.

40 அடி விட்டம் என்றால் தரை 1257 சதுர அடி, கூடு 2513 சதுர அடி, அடிவட்டம் 126 அடி. சரி, 1257 சதுர அடியும் உங்களுக்குப் பயன்படுமா? பயன்படாது. ஓரத்தில் சுவர் உள்பக்கம் சாய்கிறது. அங்கே நிமிர்ந்து நிற்க முடியாது. 6 அடி உயரத்துக்குத் தலை இடிக்காத தரை எவ்வளவு என்று பார்க்க, ஆரத்தின் வர்க்கத்திலிருந்து 36-ஐக் கழித்து 3.14-ஆல் பெருக்குங்கள்.

40 அடி விட்டத்தில் இப்படி 1143 சதுர அடி கிடைக்கும். மொத்தத் தரையில் 91%. 30 அடி விட்டத்தில் 84%. 20 அடி விட்டத்தில் 64% மட்டுமே. சிறிய குவிமாடத்தில் மூன்றில் ஒரு பங்குத் தரைக்கு அஸ்திவாரமும் கூரையும் தளமும் போட்டுவிட்டு, அங்கே குனிந்துதான் போக வேண்டியிருக்கும். ஆரம்பத்தில் சொன்ன சதுர அடி விலை வேறுபாட்டுக்கு இது ஒரு முக்கியக் காரணம். மலிவாக முடியும் என்று சின்னதாகக் கட்டுகிறவர்கள் ஏமாறுவதும் இங்கேதான்.

இதற்குத் தீர்வாக, வட்டமான நேர்ச்சுவர் ஒன்றை 4 அடி உயரத்துக்கு எழுப்பி அதன்மேல் குவிமாடத்தை உட்கார வைப்பார்கள். 20 அடி விட்டத்தில் இப்படிச் செய்தால் 64% என்பது 96% ஆகிவிடும். கூடுதலாக 251 சதுர அடிச் சுவர் வேண்டும். கூடே 628 சதுர அடிதான் என்பதால் இது சின்னச் செலவு அல்ல. சுவர் எதற்கு, விட்டத்தையே கூட்டினால் என்ன? அதையும் போட்டுப் பாருங்கள். அதே அளவு நிமிர்ந்து நிற்கும் தரை வேண்டுமானால் விட்டம் 23 அடியாக வேண்டும். கூடு சுமார் 830 சதுர அடி ஆகும். சுவர் வைத்த வீட்டில் கூடும் சுவரும் சேர்ந்து 879. ஏறக்குறைய சமம்தான். என்னைக் கேட்டால், மனையில் இடம் குறைவாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடிச்சுவரையே தேர்ந்தெடுப்பேன். கதவும் ஜன்னலும் நேரான சுவரில் வைப்பது எவ்வளவு நிம்மதி என்பது 6-ஆம் படியில் தெரியும்.

படி 3: நேர்ச்சுவர் வீட்டோடு நியாயமாக ஒப்பிடுங்கள்

"குவிமாடத்துக்குப் பொருள் மிகக் குறைவாகப் பிடிக்கும்" என்று விற்பனைத் தாள்களில் போட்டிருப்பார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. உள்ளே அடங்கும் காற்றின் அளவை வைத்து ஒப்பிட்டால் குவிமாடத்தின் பரப்பு குறைவுதான். ஆனால் நாம் காற்றில் கட்டில் போடுவதில்லை, தரையில் போடுகிறோம்.

1257 சதுர அடித் தரை கொண்ட சதுர வீட்டை எடுத்துக்கொள்வோம். பக்கம் 35.5 அடி. 10 அடி உயரச் சுவர்கள் 1418 சதுர அடி, தட்டையான கூரை 1257, கூட்டினால் 2675. குவிமாடம் 2513. வித்தியாசம் வெறும் 6%. சுவரை 9 அடியாகக் குறைத்தால் அந்த வித்தியாசமும் கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஒரே தளமாக வாழப்போகிறீர்கள் என்றால் கூட்டில் மிச்சம் பிடிக்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 9 அடி உயரத்தில் ஒரு மேல்தளம் போட்டுப் பாருங்கள். அந்தத் தளத்திலும் 6 அடித் தலையுயரத்தோடு 550 சதுர அடி கிடைக்கும். கீழே 1143, மேலே 550, மொத்தம் 1693. கூடு அதே 2513 தான். ஒரு சதுர அடிகூடக் கூடவில்லை. 1693 சதுர அடிக்கு ஒரே தளத்தில் சதுர வீடு கட்டினால் சுவரும் கூரையும் சுமார் 3340 சதுர அடி ஆகும். தளத்துக்கு 10 அடி உயரமாக இரண்டு தளம் கட்டினாலும் சுமார் 3170 ஆகும். குவிமாடத்தின் லாபம் முழுவதும் அதன் உயரத்தில் இருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், மேல்தளத்தை "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போடுகிறவர்கள் நிறைய. அதைத் தாங்கும் தூணும் உத்திரமும் முதல் டிராயிங்கிலேயே இல்லாவிட்டால், பின்னால் அஸ்திவாரத்தையே தோண்ட நேரிடும்.

படி 4: கூட்டுக்கு வேண்டிய பொருளை எண்ணுங்கள்

ஜியோடெசிக் வகைக்கு எண்ணிக்கை முன்கூட்டியே தெரியும். முக்கோணங்களை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கிறோம் என்பதை 2வி, 3வி, 4வி என்று சொல்வார்கள். 2வி அரைக்கோளத்தில் 65 மரத்துண்டுகள், 26 இணைப்புகள் (துண்டுகளின் முனைகள் கூடும் இடங்கள்), 40 முக்கோணங்கள். வீடுகளில் அதிகம் பார்க்கும் 3வி எட்டில் ஐந்து வகையில் (முழுக்கோளத்தில் ஏறக்குறைய எட்டில் ஐந்து பங்கு) 165 துண்டுகள், 61 இணைப்புகள், 105 முக்கோணங்கள். 4வி அரைக்கோளத்தில் 250 துண்டுகள், 91 இணைப்புகள், 160 முக்கோணங்கள். விட்டம் எதுவானாலும் இந்த எண்ணிக்கை மாறாது. துண்டின் நீளம் மட்டும் மாறும்.

3வி-யில் மூன்று நீளங்கள். ஆரத்தை 0.34862-ஆல் பெருக்கினால் ஏ வகை, 30 துண்டு. 0.40355-ஆல் பெருக்கினால் பி வகை, 55 துண்டு. 0.41241-ஆல் பெருக்கினால் சி வகை, 80 துண்டு. (3வி-யின் அடிவட்டம் துல்லியமாக ஒரே மட்டத்தில் உட்காராது. அடிச்சுவரின் தலையில் அதைச் சரிக்கட்ட வேண்டும். 2வி, 4வி அரைக்கோளங்களில் இந்தத் தொல்லை இல்லை.)

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள், ஏனென்றால் ஒரு பென்சில் கணக்கு ஒரு லோடு மரத்தை மிச்சம் பிடிக்கும். 30 அடி விட்டம் வேண்டும் என்று ஆரத்தை 15 அடியாக வைக்கிறீர்கள். சி வகைத் துண்டு 6.19 அடி, பி வகை 6.05 அடி. கடையில் 12 அடி மரம் கிடைக்கிறது. ஒரு மரத்தில் இரண்டு துண்டு எடுக்கலாம் என்று பார்த்தால், இரண்டு சி சேர்ந்தால் 12.37 அடி, நான்கரை அங்குலம் பத்தவில்லை. இரண்டு பி போட்டாலும் 12.1. ஏ வகைத் துண்டோடு ஜோடி சேர்க்கும் 30 மரங்கள் தப்பிக்கும். மற்ற 105 துண்டுக்கும் தனித்தனி மரம். ஆக 135 மரங்கள், அவற்றில் 105-இல் கிட்டத்தட்ட பாதி கழிவு. இப்போது ஆரத்தை 14.5 அடியாகக் குறையுங்கள். சி 5.98, பி 5.85, ஏ 5.06. எல்லாமே ஒரு மரத்துக்கு இரண்டு. 83 மரத்தில் கதை முடிந்தது. தரை குறைவது 7 சதவீதத்துக்கும் உள்ளே. மரம் குறைவது 38%.

இன்னும் ஒன்று இருக்கிறது. இந்த நீளங்கள் இணைப்பின் மையத்திலிருந்து மையம் வரையான நீளங்கள். நீங்கள் வாங்கும் உலோக இணைப்பின் ஆரம் ஒன்றரை அங்குலம் என்றால், ஒவ்வொரு துண்டிலும் இரு முனையும் சேர்ந்து 3 அங்குலம் குறையும். அப்போது 15 அடி ஆரத்திலேயே சி வகை 5.94 அடியாகி, ரம்பத்தின் வெட்டுக் கழிவும் போக இரண்டு துண்டு வந்துவிடும். அதனால் இணைப்பை முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு ஆரம், கடைசியில்தான் மரம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மேலே போர்த்தும் பிளைவுட்டிலும் கழிவு உண்டு. 4க்கு 8 பலகையின் அகலத்துக்குள் அடங்கும் சமபக்க முக்கோணத்தின் பக்கம் 4.6 அடி. அப்படி இரண்டைத்தான் ஒரு பலகையில் முழுசாக வெட்ட முடியும். 58% பயன்பாடு, மிச்சம் துண்டுகள். நடுவில் ஒட்டுப் போட்டு மிச்சத்தையும் பயன்படுத்தலாம், ஆனால் ஒவ்வொரு ஒட்டுக்கும் பின்னால் ஒரு சட்டம் வேண்டும். முக்கோணப் பரப்பைப் பலகைப் பரப்பால் வகுத்து ஆர்டர் கொடுத்தால் பாதி வேலையில் பலகை தீர்ந்துபோகும்.

காங்கிரீட் கூட்டுக்குக் கணக்கு எளிது. 40 அடி விட்டத்துக்கு 2513 சதுர அடி, சராசரிக் கனம் 4 அங்குலம் என்று வைத்தால் சுமார் 840 கன அடி. பீய்ச்சி அடிக்கும்போது ஒட்டாமல் தெறித்து விழுவதற்காக இன்னும் 15 முதல் 20% சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பியின் எடையைப் பொறியாளரின் வரைபடத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும், ஊகத்தில் அல்ல. இந்த வகையில் கவனிக்க வேண்டியது நிலைச்செலவு. காற்றுறை உங்கள் அளவுக்கென்றே தைக்கப்படுவது. காற்றூதி, காங்கிரீட் இறுகிக் கெட்டியாகும்வரை இடைவிடாமல் ஓட வேண்டும். பம்பும் அதை இயக்கும் ஆட்களும் வந்து போக வேண்டும். இவையெல்லாம் சின்ன வீட்டுக்கும் பெரிய வீட்டுக்கும் ஏறக்குறைய ஒரே தொகை. ஒரே மனையில் அண்ணன் தம்பி இருவர் ஒரே அளவில் கட்டி, உறையைப் பத்திரமாகக் கழற்றி இரண்டு முறை பயன்படுத்த முடிந்தால் இந்தச் செலவு பாதியாகும். ஆனால் உறையை மேலேயே கூரைத்தோலாக விட்டுவிடும் முறையில் அதற்கு வழியில்லை.

மண்மூட்டை வகையில் கூர்ந்த வடிவம்தான் பாதுகாப்பு. எதிர்ச்சுவரின் அடியில் அளவுச்சங்கிலியைக் கட்டி வளைவை எடுப்பார்கள். உள்விட்டம் 13 அடி, சுவர்க்கனம் 14 அங்குலம் என்று வைத்து நான் போட்ட கணக்கில் மண் சுமார் 490 கன அடி, எடை 25 டன் அளவில் வருகிறது. தரையோ 133 சதுர அடி. 10 லிட்டர் வாளியால் அள்ளினால் குறைந்தது 1400 வாளி. அதில் பாதிக்கு மேல் இடுப்புயரத்தைத் தாண்டித் தூக்கிக் கொடுக்க வேண்டும். மண் உங்கள் மனையிலேயே தோண்டியதாக இருக்கலாம், இலவசமாகவே இருக்கலாம். ஆனால் அந்த 1400 வாளியை யார் தூக்குகிறார்கள் என்பதுதான் இந்த வீட்டின் விலை. நண்பர்களும் உறவினர்களும் வருவார்கள் என்று நம்பிக் கணக்கை எழுதாதீர்கள். முழுக்கூலி போட்டு எழுதுங்கள். வந்து உதவினால் அது மிச்சம்.

படி 5: அடிவளையம்

குவிமாடம் தன் எடையால் அடியில் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். அரைக்கோளத்தில் உச்சியிலிருந்து சுமார் 52 பாகைக்குக் கீழே போனால் வட்டத்தின் போக்கில் இழுவிசை தொடங்குகிறது. 40 அடி விட்ட வீட்டில் அது தரையிலிருந்து ஏறக்குறைய 12 அடி உயரம் வரை. ரோமின் புனித பேதுரு பேராலயக் குவிமாடத்தில் விரிசல்கள் விழுந்தபோது, 1740களில் பேராசிரியர் ஜொவான்னி பொலெனி அதை ஆராய்ந்தார். அதன்பின் இரும்பு வளையங்கள் கூடுதலாகப் பூட்டப்பட்டன. உங்கள் வீட்டில் அந்த இரும்பு வளையத்தின் வேலையைச் செய்வது அடிவளையம், அதாவது ரிங் பீம். இதில் கைவைத்து மிச்சம் பிடிக்கவே கூடாது.

அடிவட்டம் 126 அடி, அதே தரையுள்ள சதுர வீட்டின் சுற்றளவு 142 அடி. 16 அடி நீள அஸ்திவாரம் மிச்சம்தான். ஆனால் வட்டத்துக்குச் சென்ட்ரிங் அடிப்பதும் கம்பி வளைப்பதும் நேரம் பிடிக்கும் வேலை என்பதால் அந்த மிச்சத்தைக் கூலி தின்றுவிடும். இரண்டையும் சமமாக வைத்துக்கொள்வது நல்லது.

படி 6: ஒவ்வொரு திறப்புக்கும் தனி வரி

கதவும் ஜன்னலும் எங்கே வருகின்றன? தரையிலிருந்து 7 அடிக்குள். மேலே சொன்ன இழுவிசை இருக்கும் அதே பட்டைக்குள். ஒவ்வொரு திறப்பும் அந்த வட்ட இழுப்பை அறுக்கிறது. அறுத்த விசையைச் சுற்றி அனுப்பக் கூடுதல் கம்பியோ தடித்த சட்டமோ வேண்டும். அதோடு, வளைந்த சுவரில் நேரான ஜன்னலை வைக்க முன்னால் ஒரு சின்ன மாடம் போல இழுக்க வேண்டும். அந்த மாடத்துக்குத் தனிக் கூரை, அது கூட்டோடு சேரும் இடத்தில் தகடு மடித்து அடைப்பு, உள்ளே தனிப் பூச்சு.

எஸ்டிமேட்டில் "கதவு, ஜன்னல்" என்று ஒரே வரியாகப் போட்டிருந்தால் அதைத் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு திறப்புக்கும் சட்டம், மாடம், அடைப்பு, பூச்சு என்று நான்கு செலவு எழுதச் சொல்லுங்கள். 12 சின்ன ஜன்னலுக்குப் பதில் 5 பெரியது வைத்தால் வெளிச்சம் அதேதான், அடைக்க வேண்டிய ஓரம் மூன்றில் இரண்டு பங்குக்குள் அடங்கிவிடும். 2-ஆம் படியில் சொன்ன அடிச்சுவர் இருந்தால் ஜன்னல்களின் கீழ்ப்பாதி நேரான சுவரில் உட்கார்ந்து, மாடத்தின் ஆழமும் குறையும். அடிச்சுவரைக் கதவு உயரம் வரை எழுப்ப மனமிருந்தால் மாடங்களே தேவையில்லை.

படி 7: தோல்

சாதாரண வீட்டில் மழை கூரைக்கு, வெயில் சுவருக்கு என்று ஒரு பங்கீடு உண்டு. குவிமாடத்தில் சுவரே கூரை. 2513 சதுர அடி முழுவதற்கும் கூரைத்தரத்தில் நீர்காப்பு வேண்டும். ஜியோடெசிக்கில் 105 முக்கோணங்கள் சேரும் ஒவ்வொரு கோடும் கசிய வாய்ப்புள்ள கோடு. மரம் ஈரத்தில் விரியும், வெயிலில் காய்ந்து சுருங்கும். கெட்டியான அடைப்பு இரண்டு பருவத்தில் பிளந்துவிடும். நெகிழ்ந்து கொடுக்கும் பூச்சுக்கு இங்கே தாராளமாகச் செலவழியுங்கள்.

கூட்டையும் தோலையும் தனித்தனிச் செலவாக எழுத வேண்டும் என்பதற்கு மாண்ட்ரியல் ஒரு நல்ல உதாரணம். 1967 உலகக் கண்காட்சிக்காக ஃபுல்லர் அமைத்த 76 மீட்டர் விட்டக் குவிமாடத்தின் அக்ரிலிக் தோல் 1976-இல் தீயில் எரிந்துபோனது. எஃகுக் கூடு இன்றும் நிற்கிறது. கூட்டின் ஆயுள் வேறு, தோலின் ஆயுள் வேறு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபூச்சு, அதற்குச் சாரம் கட்டும் கூலி ஆகியவற்றையும் இன்றே ஒரு ஓரத்தில் எழுதிவையுங்கள்.

உள்ளே ஃபோம் தெளித்தால் அதைத் திறந்தபடி விடக்கூடாது. தீத்தடுப்பாக மேலே பூச்சோ பலகையோ வேண்டும். அது அதே 2513 சதுர அடிக்கு இன்னொரு முறை.

படி 8: உள்வேலை, எஸ்டிமேட் வழக்கமாகத் தடம்புரளும் இடம்

கூடு எழுந்ததும் வீடு முடிந்த மாதிரி தோன்றும். செலவில் பாதியைக்கூட அப்போது தாண்டியிருக்க மாட்டீர்கள். ஒயரிங், பிளம்பிங், தளம், கழிவறை எல்லாம் மற்ற வீடுகளைப் போலவே. கூடுதலாக வருவது வளைவின் விலை.

சமையலறையை எடுத்துக்கொள்ளுங்கள். 20 அடி ஆரமுள்ள சுவரில் 10 அடி நேர் மேடையைச் சாய்த்தால் இரு முனையும் சுவரைத் தொடும், நடுவில் ஏழரை அங்குலம் இடைவெளி இருக்கும். 10 அடி ஆரத்தில் அந்த இடைவெளி 16 அங்குலம். கரண்டி விழுந்தால் எடுக்க முடியாது. இனி உயரத்தைப் பாருங்கள்: 20 அடி ஆரத்தில் 3 அடி உயரத்தில் சுவர் 2.7 அங்குலம் உள்ளே வந்திருக்கும். 7 அடி உயரத்தில் 15 அங்குலம். மேல் அலமாரி மாட்ட இடமே இல்லை. வளைவுக்கு ஏற்ற அலமாரியைத் தச்சர் செய்து கொடுப்பார், ஆனால் ஒவ்வொன்றும் தனி அளவு, தனிக் கூலி.

அதனால் சமையல் மேடையை உள்தடுப்புச் சுவரில் வையுங்கள். கழிவறையை அதே தடுப்பின் மறுபக்கத்தில், மேல்தளக் கழிவறையை அதற்கு நேர்மேலே. குழாய்கள் எல்லாம் ஒரே நிலைக்கம்பம் போல மேலே போய்விடும். கூட்டில் துளையும் குறையும். வளைந்த சுவரோரத்தில் கட்டில், தாழ்வான புத்தக அலமாரி, உட்காரும் திண்ணை என்று குனிந்தோ உட்கார்ந்தோ பயன்படுத்துபவை வரட்டும். ஒவ்வொரு தடுப்புச் சுவரும் கூட்டைத் தொடும் இடத்தில் வளைவாக வெட்டிப் பொருத்த வேண்டும் என்பதால் அறைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும் நேரடி மிச்சம்தான்.

ஒலியை யாரும் எஸ்டிமேட்டில் போடுவதில்லை. வழவழப்பான வளைவு, பேச்சை ஒரு புள்ளியில் குவித்துத் திருப்பி அனுப்பும். கூடத்தின் நடுவில் பேசினால் உங்கள் குரலே தலைக்கு மேலிருந்து வரும். குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரே வாரத்தில் சலித்துவிடும். சொரசொரப்பான பூச்சு, மரப்பட்டை ஒட்டல், கனமான திரை என்று எதற்காவது தொகை ஒதுக்குங்கள்.

காற்றுக்கும் ஒதுக்க வேண்டும். 40 அடி அரைக்கோளத்துக்குள் 16,755 கன அடி காற்று அடங்கும். 10 அடி உயரச் சதுர வீட்டில் 12,570. மூன்றில் ஒரு பங்கு அதிகம். சூடான காற்று உச்சியில் போய்த் தேங்கும், சமையல் நீராவியும் அங்கேதான் போய்க் குளிர்ந்து சொட்டும். உச்சியில் திறந்து மூடும் காற்றுப்போக்கி ஆடம்பரம் அல்ல, அவசியம்.

படி 9: காகிதச் செலவு

வழக்கமான வீட்டுக்குத் தயார் வரைபடங்கள் இருக்கும். குவிமாடத்துக்குக் கட்டமைப்புப் பொறியாளர் தனியாகக் கணக்கிட்டுக் கையெழுத்திட வேண்டியிருக்கும். அனுமதி தரும் அலுவலகத்தில் இப்படிப்பட்ட வரைபடம் முதல்முறையாக வரலாம். அதற்கான காலத்தையும் வாடகை வீட்டில் நீடிக்கும் மாதங்களையும் சேர்த்து எழுதுங்கள். கடன் வாங்கப் போகிறீர்கள் என்றால் மனை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மதிப்பீட்டாளர்கள் பக்கத்தில் விற்ற அதே மாதிரி வீட்டைத் தேடுவார்கள், கிடைக்காது. மதிப்பைக் குறைத்துப் போடவே வாய்ப்பு அதிகம். கைக்காசு எவ்வளவு வேண்டும் என்பது அதைப் பொறுத்தது. காப்பீட்டுக்கும் இதே கதைதான், முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

படி 10: கூட்டிப் போடுங்கள்

இப்போது நோட்டில் ஒரு பக்கம் எடுத்து இந்த வரிசையில் எழுதுங்கள்: காகிதம், மண்வேலையும் அடிவளையமும், அடிச்சுவர், கூடு, திறப்புகள், தோல், மேல்தளம், உள்வேலை, குழாயும் மின்சாரமும், சாரமும் வாடகை இயந்திரங்களும். ஒவ்வொன்றிலும் பொருளையும் கூலியையும் தனித்தனி நெடுவரிசையில் போடுங்கள். கூலி நெடுவரிசை பொருளைவிட நீளமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், குவிமாடத்தில் அது இயல்பு. கூலி ரொம்பக் குறைவாகத் தெரிந்தால்தான் எதையோ விட்டுவிட்டீர்கள்.

மொத்தத்தை 6 அடித் தலையுயரமுள்ள தரையால் வகுங்கள், மேல்தளத்தையும் சேர்த்து. அதுதான் உங்கள் உண்மையான சதுர அடி விலை. கான்ட்ராக்டர் தரும் விலை எந்தத் தரைக்கு என்று கேட்டு, இதே தரைக்கு மாற்றிப் பார்த்து ஒப்பிடுங்கள். எதிர்பாராத செலவுக்கு 15 முதல் 20% தனியாக வையுங்கள். ஆட்கள் இதற்கு முன் குவிமாடம் கட்டியதில்லை என்றால் 20-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

மரம் வெட்டும் முன் 1 அடிக்கு 1 அங்குலம் என்ற அளவில் மூங்கில் குச்சியில் ஒரு மாதிரி செய்யுங்கள். 165 குச்சி, இரண்டு நாள் வேலை. மாடிப்படி எங்கே தலையில் இடிக்கும், எந்த ஜன்னல் எந்த முக்கோணத்தில் விழும் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். தச்சரிடமும் அதையே கையில் கொடுத்துப் பேசலாம். வரைபடத்தைவிட அது அவருக்குச் சீக்கிரம் புரியும்.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். அடிவளையம் முடிந்ததும் ஒரு பங்கு, கூடு எழுந்ததும் ஒரு பங்கு, தோல் முடிந்ததும் ஒரு பங்கு. தோலுக்கான பங்கைக் கொடுக்கும் முன் உச்சியில் குழாயை வைத்து ஒரு மணி நேரம் தண்ணீர் விடுங்கள். உள்ளே டார்ச்சோடு ஒருவர் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்து, ஈரம் தெரியும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடட்டும். வட்டங்களை எல்லாம் அடைத்து, மறுநாளும் தண்ணீர் விட்டுப் பார்த்து, ஒரு நல்ல மழையும் கடந்த பிறகு உள்பூச்சைத் தொடங்குங்கள்.